சாவி பூட்டுக்குள் உடைந்தது (கடலோரத்தில் குடியிருப்பவர்கள் மட்டும் படிக்கவும்)

கரைமேல்காகம் எழுதியது:

இன்று காலை ஏழரை மணிக்கு வாசல் கதவைப் பூட்டும்போது சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. பாதி என் கையில், பாதி உள்ளே. கதவு பூட்டியாகிவிட்டது. அலைபேசி, பணம், குடிவரவு அட்டை மூன்றும் மேசைமேல். நான் வெளியே, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு.

பூட்டுக்காரர் வந்து, துளை போட்டு, கதவைத் திறக்கும்போது மதியம் இரண்டு மணி. உள்ளே போனதும் முதல் வேலையாக அண்ணனுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சிரித்தான். "கடற்கரையில உக்காந்துகிட்டு ஒரு சாவி உடைஞ்சதுக்கா இவ்ளோ புலம்பல்? நாங்க எல்லாம் காசு குடுத்து வந்து பார்க்கிற இடம்டா அது."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் செத்துப்போனவை: ஒரு ஏசியின் வெளிப்பெட்டி, இரண்டு இஸ்திரிப் பெட்டி, ஒரு மடிக்கணினி, கேமரா லென்ஸ் (உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை), ஜன்னல் கீல்கள் எத்தனை என்று எண்ணவில்லை. மிதிவண்டியை வாங்கிய ஆறாம் மாதம் சங்கிலி ஒரே கட்டியாக இறுகிவிட்டது. இதில் எதுவும் பெரிய துன்பம் இல்லை, எனக்கே தெரியும். ஆனால் சொல்ல ஆள் இல்லை. ஊருக்கு போன் செய்தால் பின்னால் தெரியும் கடலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். "கேமராவைக் கொஞ்சம் திருப்புடா, அலையைப் பார்க்கலாம்" என்கிறாள் அம்மா. கேமராவை இந்தப் பக்கம் திருப்பினால் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை.

இதே மாதிரி கடலோர, வெப்ப மண்டல ஊர்களில் வெளிநாட்டுக்காரர்களாக இருப்பவர்கள் இங்கே நிறைய பேர் என்று தெரியும். எந்த நாடு என்பதெல்லாம் வேண்டாம். எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்? சாமானைச் சொன்னாலும் சரி, மனதைச் சொன்னாலும் சரி.


வெயில்பிரியன் எழுதியது:

யாரும் கட்டிப்போட்டு அனுப்பவில்லையே நண்பரே. பிடிக்கவில்லை என்றால் கிளம்பலாம்.


மூன்றாம்மாடி எழுதியது:

முதல் பதிலே இதுதானா? பிடிக்கவில்லை என்று அவர் எங்கே எழுதினார்? சாவி உடைந்தது என்றுதானே எழுதினார்.

காகம் தம்பி, உங்கள் அண்ணனைப் போல ஒருவர் எல்லோர் வீட்டிலும் உண்டு. எனக்கு நாத்தனார். நான் பதினொரு வருடமாகக் கடலோரத்தில் இருக்கிறேன். முதலில் தரைத்தளம், இப்போது மூன்றாம் மாடி. ஏன் மாறினேன் என்பது தனிக் கதை, அப்புறம் எழுதுகிறேன்.


துரு எதிரி எழுதியது:

பூட்டைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், என் தொழில் அது (அரிமானத் தடுப்பு, அதாவது உலோகம் அரித்துப்போகாமல் காப்பது; கப்பல் துறை, எண்ணெய்க் குழாய், கடலோரக் கட்டடங்கள்).

உங்கள் சாவி அநேகமாகப் பித்தளை. பித்தளை துருப்பிடிக்காது. பூட்டுக்குள் இருக்கும் சின்ன எஃகு ஸ்பிரிங்குகள்தான் இறுகியிருக்கும். ஒரு மாதமாகவே சாவி திரும்ப முரண்டு பிடித்திருக்கும், நீங்களும் தினமும் கொஞ்சம் கூடுதலாக முறுக்கியிருப்பீர்கள். இன்று பித்தளை தோற்றது.

கடலோரத்தில் ஏன் எல்லாம் இவ்வளவு சீக்கிரம் போகிறது? பலர் ஈரத்தைக் குற்றம் சொல்வார்கள், சிலர் உப்பை. இரண்டும் தனித்தனியாக இருந்தால் இவ்வளவு மோசம் இல்லை. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே நசநசக்கும். உங்கள் ஊரில் இரவில் ஈரப்பதம் 75க்குக் கீழே வருவதே அபூர்வம். ஆக, அலை உடையும்போது பறக்கிற உப்புத் துளி உங்கள் கீலில் உட்கார்ந்தால், அது காயவே காயாது. மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் கீல் இருபத்துநாலு மணி நேரமும் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. மழை நனைக்கிற இடத்தைவிட மழை படாத இடம்தான் சீக்கிரம் அரிக்கும். கூரைக்கு அடியில் இருக்கிற கொக்கி, பால்கனிக் கம்பியின் அடிப்பக்கம், ஏசி பெட்டியின் பின்புறம். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. மறைவிடத்தில் கழுவ ஆள் இல்லை. அதனால் மாதம் இரண்டு முறை நல்ல தண்ணீரை பக்கெட்டில் எடுத்து அந்த மறைவிடங்களில் ஊற்றுங்கள். இவ்வளவுதான் ரகசியம். நான் பார்த்த எந்த விலையுயர்ந்த பெயிண்டும் இதற்கு ஈடாகவில்லை. ஏசி வெளிப்பெட்டியின் தகடுகளுக்கும் இதேதான்; மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, மெதுவான தண்ணீரில். அதில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கின்றன. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம்தான் பலி.

ஐ.எஸ்.ஓ. 9223 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஒரு இடத்தின் காற்று உலோகத்தை எவ்வளவு அரிக்கும் என்பதை சி1 முதல் சி5 வரை பிரிப்பார்கள். சி1 என்பது சூடேற்றிய, உலர்ந்த உள்ளறை. 2012 பதிப்பில் சி5க்கும் மேலே சிஎக்ஸ் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அலைக்கு அருகிலுள்ள வெப்ப மண்டலக் கரை அதில் வரக்கூடியது. உங்கள் அண்ணன் அநேகமாக சி2விலோ சி3யிலோ இருக்கிறார். அவருக்குப் புரியாதது நியாயம்.

புதுப் பூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசியும் உப்பும் சேர்ந்து பசையாகிவிடும். பென்சில் தூள், அதாவது கிராஃபைட் போடச் சொல்லி நிறைய பேர் அறிவுரை தருவார்கள். உள்நாட்டில் சரி. உப்பு ஈரத்தில் கிராஃபைட் தானே அரிமானத்தைத் தூண்டும். உலர்ந்த டெஃப்லான் ஸ்ப்ரே அடியுங்கள்.


புதுவரவு எழுதியது:

ஐயா, அடுத்த மாதம்தான் நான் கிளம்புகிறேன், முதல் வெளிநாடு. வீடும் கடலிலிருந்து இருநூறு மீட்டர்தானாம். எவர்சில்வர் சாமான் என்றால் பயமில்லைதானே?


துரு எதிரி எழுதியது:

எந்த எவர்சில்வர் என்பதுதான் கேள்வி. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 304. அதில் பழுப்புப் புள்ளிகள் வரும், தேநீர்க் கறை போல. 316 என்று கேளுங்கள், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருக்கும், உப்பைத் தாங்கும். கிடைக்காவிட்டால் பித்தளை. இரண்டும் இல்லையென்றால் நைலான் கயிறு, சிரிக்காதீர்கள்.

இருநூறு மீட்டர் என்பது ரொம்பப் பக்கம். உப்பு முதல் சில நூறு மீட்டரில்தான் அதிகமாகக் கொட்டும், உள்ளே போகப் போகச் சட்டென்று குறையும். பத்து நிமிடம் நடந்தால் கடல் என்கிற தூரத்தில் வீடு கிடைத்தால் மாறிக்கொள்ளுங்கள்.


பெட்டிபடுக்கை எழுதியது:

நான் இரண்டே வருடத்தில் திரும்பியவன், அதனால் "கிளம்பலாம்" என்று சொன்ன நண்பருக்கு நான்தான் சாட்சி. கிளம்பினேன். ஆனால் துருவுக்காக இல்லை.

அங்கே வருடத்துக்கு ஒரே பருவம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் பன்னிரண்டு மாதமும் காலை ஆறு மணி வாக்கில் சூரியன் வரும், மாலை ஆறு மணி வாக்கில் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி இருட்டிவிடும். அந்தி என்று ஒன்று இருபது நிமிடம். முதல் வருடம் சொர்க்கம். இரண்டாம் வருடம் என்ன ஆயிற்று என்றால், எனக்கு எதுவுமே எப்போது நடந்தது என்று நினைவில் நிற்கவில்லை. பல் வலி வந்தது மார்ச்சா அக்டோபரா? பக்கத்து வீட்டுக்காரர் போனது போன வருடமா? எல்லா நாளும் ஒரே வெளிச்சம், ஒரே புழுக்கம். நினைவை மாட்டிவைக்க ஆணி இல்லை. திரும்பி வந்து முதல் குளிரில் நடுங்கியபோது "ஓ, டிசம்பர்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கிறுக்கு என்பார்கள்.


நங்கூரம் எழுதியது:

கிறுக்கு இல்லை. நான் இருபத்துமூன்று வருடமாக டைரி எழுதுவது இதற்காகத்தான். பெரிதாக ஒன்றும் எழுதுவதில்லை. "இன்று காற்று திசை மாறியது." "மாடிக்காரர் நாயைக் குளிப்பாட்டினார்." அவ்வளவுதான். பருவம் இல்லை என்பதும் முழுக்க உண்மை இல்லை. காற்றின் திசை மாறும், மீன்பிடிப் படகுகள் கரையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து நிற்கும், கடலின் வாடையே மாறும். இதெல்லாம் கண்ணுக்குப் படவே எனக்கு நாலு வருடம் பிடித்தது.

ஓதத்தையும் கவனியுங்கள். ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம், அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் உச்சம். என் பழைய வீட்டில் பௌர்ணமி இரவானால் குளியலறைத் தண்ணீர் வடியாது. ஒரு வருடம் பிளம்பரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக் கிழவி வானத்தைக் காட்டினார். நிலத்தடி நீர் மட்டம் கடலோடு சேர்ந்து மேலே வந்து கழிவுத் தொட்டி நிறைந்துவிடுகிறது. பிளம்பர் என்ன செய்வார் பாவம்.

நம் மொழியில் கடல் ஏறுவதற்கும் ஓதம், சுவரில் ஊறுகிற ஈரத்துக்கும் ஓதம். கடலோரத்தில் வீடு எடுத்த யாரோ வைத்த பேர்தான்.


கரைமேல்காகம் எழுதியது:

நங்கூரம் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பழுது பார்ப்பவர்கள் "நாளைக்கு" என்கிறார்களே, அந்த நாளை எப்போது வரும்? ஏசிக்காரர் எனக்குப் பதினேழு நாளை சொன்னார்.


நங்கூரம் எழுதியது:

பதினேழுதானா? எனக்கு ஒரு மோட்டார் பம்புக்கு நாற்பது.

ஆரம்பத்தில் நானும் பல்லைக் கடித்தேன். அப்புறம் அந்த பம்புக்காரரோடு உட்கார்ந்து பேசும் அளவுக்கு மொழி வந்தது. அவர் சொன்னது: உதிரிப் பாகம் கப்பலில் வரவேண்டும். கப்பல் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் என்னை அலட்சியப்படுத்தியதாக ஆகுமாம். அதனால் நாளை. அந்தச் சொல்லில் தகவல் கிடையாது, மரியாதை மட்டும்தான் இருக்கிறது.

அதிலிருந்து நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "எப்போது வருவீர்கள்" என்று கேட்பதில்லை. "சாமான் கையில் இருக்கிறதா, வெளியிலிருந்து வரவேண்டுமா" என்று கேட்பேன். இதற்கு நேரான பதில் வரும். வரவேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு மறந்துவிட வேண்டியதுதான். அலை ஓய்ந்து கடலாட முடியுமா?

இன்னொன்று, வெளிநாட்டான் விலை. கேட்டிருப்பீர்கள். நான் அதை இப்போது ஒரு வரி மாதிரி நினைத்துக்கொள்கிறேன். முதல் வருடம் முழு வரி, மொழி தெரியத் தெரியத் தள்ளுபடி. இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகும் பூஜ்யம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.


வெயில்பிரியன் எழுதியது:

இதே கரையில், இதே வெயிலில் கட்டட வேலை செய்ய வந்தவர்களும் வெளிநாட்டுக்காரர்கள்தானே? அவர்களை யாரும் 'எக்ஸ்பாட்' (வெளிநாட்டில் வேலை பார்க்கும் வசதியானவர்களுக்கு வைத்த பேர்) என்பதில்லை, 'லேபர்' என்கிறார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர், ஏசி என்ற பேச்சே இல்லை, பாஸ்போர்ட் முதலாளி கையில். லென்ஸில் பூஞ்சை என்று அழும் இழையைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கடுப்பில்தான் முதலில் அப்படி எழுதினேன். எழுதிய விதம் தவறு, எண்ணம் தவறு என்று நான் நினைக்கவில்லை.


கரைமேல்காகம் எழுதியது:

நியாயம். என் ஏசியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தவரே அப்படிப்பட்ட ஒருவர்தான். என்னைவிட நாலு வருடம் மூத்தவர் இந்த ஊரில். பொதுவாக ஒரு மொழி கிடையாது எங்களுக்குள். வெளிப்பெட்டியின் துருவைக் காட்டினார், அப்புறம் தன் செருப்பின் வாரில் இருந்த இரும்பு வளையத்தைக் காட்டினார். அதுவும் தூளாகியிருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்கு வருடாந்திர விடுப்பு உண்டா என்று கேட்க எனக்கு வார்த்தை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியாது.

ஆனாலும் நண்பரே, அவர் கஷ்டம் பெரிது என்பதால் என் சாவி உடையாமல் போய்விடவில்லை.


வெயில்பிரியன் எழுதியது:

அது சரி.


கணக்குப்பிள்ளை எழுதியது:

சாமான், மனசு எல்லாம் பேசியாகிவிட்டது. காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு இதில்தான் பாதி முடி கொட்டியது.

புதுவரவு, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். முதல் விஷயம், ஓடிபி. ஊர் வங்கிக் கணக்கில் எதைத் தொட்டாலும் பெரும்பாலும் ஊர் எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும். அந்த சிம் இங்கே ரோமிங்கில் உயிரோடு இல்லையென்றால் உங்கள் பணம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி. எண்ணை மாற்றலாம் என்றால் நேரில் வரச் சொல்வார்கள். நான் ஒரு எண்ணை மாற்ற விமானம் ஏறியிருக்கிறேன், நிஜமாக. கிளம்புவதற்கு முன்பே வங்கிக்குப் போய், வெளிநாட்டு எண்ணை ஏற்பார்களா, செயலி வழியாகவே உறுதிசெய்ய முடியுமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய வீட்டில் ஒருவரை நியமியுங்கள்.

இரண்டாவது, சான்றிதழ்கள். பட்டம், திருமணம், பிறப்பு எல்லாவற்றுக்கும் அபோஸ்டில் முத்திரை (சான்றிதழ் அசல்தான் என்று வெளிநாட்டுக்கு அரசு தரும் உறுதி) வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் அந்த ஒரே முத்திரை போதும். நீங்கள் போகும் நாடு அதில் இல்லையென்றால் வெளியுறவுத் துறை, அப்புறம் அந்த நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக முத்திரை வாங்க வேண்டும். இதை அங்கே போய்ச் செய்ய முயன்றால் மாதக்கணக்கு.

மூன்றாவது, பாஸ்போர்ட்டை காலாவதித் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் இருந்தால்தான் உள்ளே விடும். பத்து வருட பாஸ்போர்ட் என்பது நடைமுறையில் ஒன்பதரை வருடம். அதிலும் கடலோரத்தில் இருந்தால் அட்டை அலை அலையாக நெளிந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, இயந்திரத்தில் படிக்காமல் போகும். என்னுடையதை ஒரு அதிகாரி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "கடலில் விழுந்ததா?" என்று கேட்டார். அலமாரியில்தான் இருந்தது.


மூன்றாம்மாடி எழுதியது:

அலமாரி என்றதும் நினைவுக்கு வந்தது, தரைத்தளக் கதை பாக்கி இருக்கிறது.

முதல் வீட்டில் ஏசி பெரியதாகப் போட்டுக் கொடுத்தார்கள். சின்ன அறைக்குப் பெரிய ஏசி. எனக்குச் சந்தோஷம். ஐந்து நிமிடத்தில் சில்லென்று ஆகும், நின்றுவிடும். திரும்ப ஐந்து நிமிடம், திரும்ப நின்றுவிடும். குளிர் இருந்தது, ஆனால் படுக்கை விரிப்பு எப்போதும் லேசாக நனைந்த மாதிரி இருக்கும். ஒரு நாள் அலமாரியை நகர்த்தினேன். பின்சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாக ரோமம். என் கம்பளிச் சால்வை, எங்கள் திருமண ஆல்பம் எல்லாம் போச்சு. ஆல்பத்தில் ஒவ்வொரு படத்தையும் பிரிக்கப் பிரிக்க முகங்கள் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தன. என் மாமனார் முகம் என் அம்மாவின் புடவையில்.

அப்புறம்தான் விசாரித்துக் கற்றுக்கொண்டேன். முப்பது டிகிரி, எண்பது சதவீத ஈரம் உள்ள காற்றை சுமார் இருபத்தாறு டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் தண்ணீராகக் கொட்டும். ஏசி போட்ட அறையின் சுவர் அதைவிடக் குளிர்ச்சி. ஜன்னலைத் திறந்தாலோ, கதவு இடுக்கில் வெளிக்காற்று வந்தாலோ சுவர் வியர்க்கும். ஏசி நின்று நின்று ஓடினால் குளிர்விக்கும், ஈரத்தை எடுக்காது. ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் (காயில்) தண்ணீர் சேர்ந்து வடிய நேரம் வேண்டும். அறைக்கு அளவான ஏசி நெடுநேரம் மெதுவாக ஓட வேண்டும். 1902ல் வில்லிஸ் கேரியர் முதல் ஏசியை வடிவமைத்ததே ஒரு அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் சுருங்கி விரிவதை நிறுத்தத்தானாம், மனிதர்களைக் குளிர்விக்க இல்லை. நாம்தான் மறந்துவிட்டோம்.

இப்போது என் வீட்டில் அலமாரிகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும். ஈரம் காட்டும் சின்ன மீட்டர் இரண்டு. அறுபதைத் தாண்டினால் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடும், அதன் தொட்டியைக் காலையில் ஊற்றினால் ஒரு பக்கெட் நிறையும். அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் இதையா நேற்று மூச்சு விட்டோம் என்று தோன்றும். கேமரா, ஆல்பம், பாஸ்போர்ட் எல்லாம் காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு.

சரி, சாமான் போதும். எனக்கு இங்கே தாங்கவே முடியாதது வேறு. எல்லோரும் போய்விடுகிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம், மூன்று வருட ஒப்பந்தம். பழகி, பிள்ளைகள் சேர்ந்து விளையாடி, ராத்திரி காய்ச்சல் என்றால் கதவைத் தட்டலாம் என்கிற அளவுக்கு ஒரு குடும்பம் வரும்போது பெட்டி கட்டுவார்கள். போகும்போது சாமானை விட்டுப் போவார்கள். என் வீட்டு ஸ்டாண்ட் ஃபேனின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேர் எழுதி, போகும்போது அடித்துவிட்டு அடுத்தவர் பேர். நான் ஐந்தாவது. முதல் மூன்று பேரை நான் பார்த்ததே இல்லை. நாலாவது ஆள் என் மகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர்.

இப்போதெல்லாம் புதிதாக யாராவது வந்தால் எவ்வளவு நாள் ஒப்பந்தம் என்றுதான் மனசு முதலில் கேட்கிறது. ஒரு வருடம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். இது நல்ல குணம் இல்லை, தெரியும்.


பெட்டிபடுக்கை எழுதியது:

அக்கா, நான் அந்த இரண்டு வருடக்காரன். எங்கள் கட்டடத்தில் உங்களைப் போல ஒரு அம்மா இருந்தார், என்னிடம் கடைசிவரை பேசவே இல்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டே வந்துவிட்டேன்.


மூன்றாம்மாடி எழுதியது:

திமிராகவும் இருக்கலாம் தம்பி. எல்லாவற்றையும் மன்னிக்க வேண்டியதில்லை.


நங்கூரம் எழுதியது:

மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954ல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் பேசிய உரை ஒன்று உண்டு. 'கல்ச்சர் ஷாக்' என்கிற சொல் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு. தேனிலவு, நெருக்கடி, மீட்சி, பழகிப்போதல் என்று கட்டம் கட்டமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் வெப்ப மண்டலக் கடலோரத்தில் குடியேறிய வெளிநாட்டுக்காரர்களே.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. நெருக்கடிக் கட்டத்தில் இருப்பவர்கள் குடிதண்ணீர், படுக்கை, கைகழுவுதல் என்று சின்னச் சின்ன விஷயங்களில் அளவுக்கு மீறிய கவலைப்படுவார்கள் என்றார். காகம் தம்பியின் சாவியைப் படித்தபோது அந்த உரைதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு குறை: நாலு கட்டத்தையும் தாண்டிவிட்டால் முடிந்தது போல ஒரு தொனி அதில் இருக்கிறது. எனக்கு இருபத்துமூன்று வருடத்தில் நெருக்கடி ஏழெட்டு முறை திரும்பி வந்திருக்கிறது. அப்பா இறந்த செய்தி அதிகாலை மூன்று மணிக்கு வந்தபோது, அடுத்த படகு எட்டு மணிக்கு, விமானம் மறுநாள். அந்த ஐந்து மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கடல் ரொம்ப அழகாக இருந்தது. அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.


புதுவரவு எழுதியது:

பயமுறுத்துகிறீர்களே எல்லோரும். கொசு, காய்ச்சல் பற்றியும் யாராவது சொல்லிவிடுங்கள், முழுசாகப் பயந்துகொள்கிறேன்.


மூன்றாம்மாடி எழுதியது:

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். சாக்கடையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பூந்தொட்டித் தட்டையும் ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டையும் பாருங்கள். முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவேண்டும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவுக்கு வழி. காய்ச்சல் விடும் நாளில்தான் ஆபத்து அதிகம், அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

மற்றபடி வாருங்கள். விடிகாலையில் வற்றத்தின்போது ஈர மணலில் வானம் தெரியும். அதற்காக ஒரு ஏசியை இழக்கலாம்.


கரைமேல்காகம் எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அண்ணன் விடுப்பில் பத்து நாள் வந்திருந்தான். முதல் மூன்று நாள் கடலிலேயே கிடந்தான், நான் வேலைக்குப் போய் வந்தேன். நாலாம் நாள் ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி பனித்து, படியில் தடுமாறி, என்னைத் திட்டினான். ஆறாம் நாள் காலை அலமாரியைத் திறந்தவன் சத்தம் போட்டான். அவனுடைய தோல் பெல்ட்டில் வெள்ளையாக, மெத்தென்று, பூனைக்குட்டி மாதிரி ரோமம். வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறதாம். இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், துடைத்து, முகர்ந்து பார்த்து, திரும்பவும் துடைத்தான். "இதுக்கு என்னடா பண்றது?" என்றான். நான் சிரிக்கவில்லை. வினிகர் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மாலை அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு அந்த பெல்ட்டைத் தூக்கிக் காட்டி, இங்கே எதுவும் உருப்படாது, இவன் எப்படித்தான் இருக்கிறானோ என்று பத்து நிமிடம் புலம்பினான். மூன்று வருடமாக நான் சொன்ன அதே வார்த்தைகள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, கொஞ்சம் நகரு, கடல் தெரியல" என்றாள்.


துரு எதிரி எழுதியது:

பூட்டுக்கு என்ன போட்டீர்கள்?


கரைமேல்காகம் எழுதியது:

டெஃப்லான் கிடைக்கவில்லை. நாளைக்கு வருமாம்.